இலவச சீட்டுக்கு முதலில் பணம் கட்டினோம்: ஆர்டிஇ சேர்க்கையில் எங்கள் அனுபவம்

எங்கள் ராமநாதபுரம் பக்கம் ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை, 61 நாளுக்கு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. தனியார் பள்ளியில் ஆர்டிஇ, அதாவது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் இலவச சீட்டுக்கு விண்ணப்பம் போடுகிற காலமும் வழக்கமாக அதே ஏப்ரல், மே தான். ஜூனில் பள்ளி திறந்து கட்டணம் கேட்கும்போது வீட்டில் வரவென்று ஒன்றும் இருக்காது. பாம்பன், மண்டபம் தொடங்கி வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் கடலை நம்பி இருக்கிறவர்களுக்கு இந்த இரண்டு மாதம் எப்படிக் கழியும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டியதும் அப்போதுதான். மகளுக்காக 2023-இலும், மகனுக்காக 2025-இலும் இந்த சீட்டுக்கு அலைந்தேன். என் கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். தடைக்காலத்தில் கேரளா பக்கம் வேலைக்குப் போய்விடுவார், அங்கே ஜூனில் தடை வந்த பிறகுதான் திரும்புவார். ஆக, அலைந்ததெல்லாம் நான் ஒருத்திதான். யாராவது முன்கூட்டியே இதையெல்லாம் சொல்லியிருந்தால் அலைச்சலில் பாதியும், கைவிட்டுப் போன பணத்தில் பெரும்பகுதியும் மிச்சமாகியிருக்கும். அடுத்து அலையப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12(1)(சி) பிரிவுப்படி தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழை, எளிய பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அந்தப் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது, அரசு அந்தப் பணத்தைப் பள்ளிக்குத் திருப்பித் தரும். பள்ளி வாங்கும் கட்டணம், அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் தரும். தமிழ்நாட்டில் பெரும்பாலான தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பு என்பது எல்கேஜி. அரசுப் பள்ளியிலோ ஒன்றாம் வகுப்பில்தான் சேர்க்கை. 2019-இல் 2,381 அரசுப் பள்ளிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள், எங்கள் ஊர் அதில் இல்லை. பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது அங்கன்வாடியா, தனியார் பள்ளியா என்ற கேள்வி வந்துவிடுகிறது. அப்போது விட்டால் பிறகு ஆர்டிஇ-யில் நுழைவது ரொம்பக் கஷ்டம். ஆசைப்பட்டு இங்கிலீஷ் மீடியம் தேடி ஓடுகிறார்கள் என்று எங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வயதுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2023-இல் மகளுக்கு விண்ணப்பிக்கப் போனபோது, விசாரித்த இடத்திலெல்லாம் முதலில் வருமானச் சான்று எடுத்துவா என்றுதான் சொன்னார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தேன். கிராம நிர்வாக அலுவலர் விடுப்பு, அப்புறம் வருவாய் ஆய்வாளர் ஜமாபந்தி வேலையில், அப்புறம் தாலுகா ஆபீசில் கணினி வேலை செய்யவில்லை. விண்ணப்பம் முடியும் தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமே இல்லை. கடைசியில், உச்சிப்புளியில் இருக்கிற எங்கள் சின்னம்மா மகள், ஏற்கெனவே தன் பையனுக்கு வாங்கியவள், போனில் சொன்னாள்: "உனக்கு எதுக்கு அக்கா வருமானம்? நம்ம சாதிச் சான்று போதும்ல." அவள் சொன்னதுதான் சரி. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் எல்லாரும் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்ற வகையில் வருகிறார்கள், அவர்களுக்குச் சாதிச் சான்றுதான் கேட்பார்கள். ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குக் கீழ் என்ற சான்று 'நலிவடைந்த பிரிவினர்' என்று விண்ணப்பிப்பவர்களுக்கானது. கடலோரத்தில் பெரும்பாலான மீனவக் குடும்பங்கள் முதல் வகையில் அடங்கிவிடும். பிள்ளையின் பெயரிலேயே சாதிச் சான்று, பிறப்புச் சான்று, முகவரி சரியாக உள்ள குடும்ப அட்டை, பெற்றோரின் ஆதார், இவை பிப்ரவரிக்குள் கையில் இருந்தால் போதும். பிறப்புச் சான்றில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் பல பிள்ளைகளுக்குப் பெயர் இல்லாத சான்றுதான் இருக்கிறது. இன்னொன்று, விண்ணப்பத்தைக் காசு கொடுத்துக் கடையில்தான் பதிய வேண்டும் என்றில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் வட்டார வள மையத்திலும் கட்டணம் இல்லாமலே பதிந்து தருவார்கள்.

அடுத்து தூரம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்குத்தான் முன்னுரிமை. சென்னையில் ஒரு கிலோமீட்டருக்குள் பத்துப் பள்ளி இருக்கலாம், எங்களுக்கு அந்தக் கணக்கில் பாதி கடலாகப் போய்விடுகிறது. மீதிப் பாதியில் தேடினால், இந்தக் கரையில் நல்ல பேர் வாங்கிய பழைய பள்ளிகள் பலவும் கிறிஸ்தவ, முஸ்லிம் நிர்வாகத்தில் நடப்பவை. 2012-இல் உச்ச நீதிமன்றம் அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கும், 2014-இல் எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. அந்தப் பள்ளிகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு தந்த உரிமை அது. பல ஏழைப் பிள்ளைகளை அவர்கள் தாங்களாகவே குறைந்த கட்டணத்தில் படிக்க வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பிக்கும் முன்னால் அந்தப் பள்ளி ஆர்டிஇ பட்டியலில் இருக்கிறதா, எல்கேஜியில் எத்தனை இடம் காட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எனக்கு எட்டும் தூரத்தில் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு நர்சரிப் பள்ளி. குலுக்கல் சீட்டு எடுக்கும் நாள் பள்ளிக்கூட முற்றத்தில் எங்களை எல்லாம் நிற்க வைத்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் வாளியில் மடித்த தாள்களைப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். மகள் பெயர் வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியின் பேரன் பெயர் வரவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்து "நல்லா படிக்க வையி தாயி" என்றுவிட்டுப் போனது. எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

சீட்டு கிடைத்துவிட்டால் செலவில்லை என்று நினைத்திருந்தோம். ஜூனில் ஒரு தாள் கொடுத்தார்கள். கல்விக் கட்டணம் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தது. கீழே புத்தகம், நோட்டு 4,200. சீருடை இரண்டு செட், ஷூ, டை, பெல்ட் எல்லாம் சேர்த்து 2,600. ஸ்மார்ட் கிளாஸ் 1,500. டைரி, அடையாள அட்டை, 'இதர' என்று ஒரு 1,000. வேன் மாதம் 900 தனி. வேனை விட்டுவிட்டால்கூட ஒன்பதாயிரத்துக்கு மேல். அரசு பின்னால் 8,000 ரூபாயாக உயர்த்திய தடைக்கால நிவாரணத்தைவிடக்கூட இது அதிகம். கல்வி உரிமைச் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகளைப் பிறகு தேடிப் படித்தேன். 12(1)(சி)-யில் சேரும் பிள்ளைக்குப் பாடப்புத்தகம், எழுதுபொருள், சீருடை ஆகியவை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நடப்பதோ வேறு. பள்ளியில் கேட்டால் "அரசு தருவது டியூஷன் ஃபீஸ் மட்டும்தான்மா, மத்ததுக்கு நாங்க எங்க போறது" என்கிறார்கள். கட்டவில்லை என்றால் பிள்ளையை வெளியே நிறுத்துவார்களோ என்ற பயத்தில் எல்லாரும் கட்டிவிடுகிறோம். நானும் கட்டினேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். எந்தத் தொகை கட்டினாலும் பள்ளி முத்திரையோடு, தேதியோடு, எதற்காக என்று எழுதிய ரசீது வாங்குங்கள். முதலில் எனக்குக் கொடுத்தது அரைத்தாள் துண்டு. பென்சிலில் என் மகள் பெயரும் 'அட்வான்ஸ்' என்ற ஒரு சொல்லும் எழுதியிருந்தது, முத்திரை இல்லை. ரசீது தர மறுத்தால் கூகுள் பே மூலமோ வங்கி மூலமோ பள்ளிக் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள், அதுவே சாட்சி. தனியார் பள்ளிகள் எவ்வளவு வாங்கலாம் என்பதைத் தமிழ்நாட்டில் ஒரு குழு நிர்ணயிக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு அது. உங்கள் பள்ளிக்கு அது நிர்ணயித்த தொகை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் எதுவும் வைக்கக் கூடாது. சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி, மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. "அம்மா என்ன படிச்சிருக்கீங்க, வீட்ல இங்கிலீஷ் பேசுவீங்களா" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இதெல்லாம் பழகி ஒருவழியாக நிமிர்ந்தபோது மகனுக்கு மூன்று வயது ஆனது. 2025 பிப்ரவரியிலேயே சான்றுகளை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏப்ரல் முடிந்தது, விண்ணப்பம் பதியும் இணையதளம் திறக்கவில்லை. மே முடிந்தது, திறக்கவில்லை. வள மையத்தில் கேட்டால் "மேலிருந்து உத்தரவு வரலை" என்பதே பதில். செய்தித்தாளில் படித்துத்தான் விஷயம் புரிந்தது. மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, பள்ளிக் கல்விக்காக மாநிலங்களுக்குத் தரும் 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்திருந்தது. ஆர்டிஇ பிள்ளைகளுக்கான பணமும் அந்த நிதியோடு வருவதுதான். கையெழுத்துப் போட்டால் புதிய தேசியக் கல்விக் கொள்கையையும் அதில் உள்ள மும்மொழிக் கொள்கையையும் ஏற்க வேண்டும். அதை ஏற்க முடியாது என்ற மாநிலத்தின் நிலையில் எனக்கும் உடன்பாடுதான். அதற்காக மூன்று வயதுப் பிள்ளைகளின் சீட்டை யாரும் பணயம் வைத்திருக்கக் கூடாது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. ஆர்டிஇ பணத்தை மற்றத் திட்ட நிதியோடு முடிச்சுப் போடத் தேவையில்லை, பணம் வரவில்லை என்று காரணம் சொல்லி மாநில அரசும் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றது. படித்தபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் தீர்ப்பு வந்த பிறகும் தளம் திறக்கவில்லை, பள்ளி மட்டும் திறந்துவிட்டது.

ஜூன் மாதம். கணவர் கேரளாவிலிருந்து வந்துவிட்டார், அங்கேயும் தடை. நான் கணக்கு எழுதும் மீன் கம்பெனியில் வரத்து இல்லாததால் பாதிச் சம்பளம். பள்ளியில் சொன்னார்கள்: "இப்போ முழு ஃபீஸ் கட்டிச் சேருங்க. ஆர்டிஇ வந்தா பார்த்துக்கலாம். இடம் முடிஞ்சிட்டா நாங்க பொறுப்பில்ல." மகள் அங்கேயே ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டு பேரையும் வேறு வேறு இடத்துக்கு அனுப்ப எங்களால் முடியாது. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து 20,000 வாங்கி, அதில் 18,000 கட்டினேன். நூற்றுக்கு இரண்டு வட்டி. எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணும் என்னை மாதிரியே சான்றெல்லாம் தயாராக வைத்திருந்தவள். அவள் கணவருக்கு வள்ளத்தில்தான் தொழில். அடகு வைக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. "அக்கா, தளம் திறந்ததும் சொல்லுங்க, அதுவரைக்கும் அங்கன்வாடியில இருக்கட்டும்" என்றாள். சரி என்றேன். அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அக்டோபரில் அறிவிப்பு வந்தது. மத்திய நிதி வந்துவிட்டது, 2025-26-க்கு ஆர்டிஇ சேர்க்கை நடக்கும் என்றார்கள். அவளை ஓடிப்போய்க் கூப்பிட்டேன். முழு விவரத்தையும் படித்தபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே எல்கேஜி சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் தகுதியானவர்களுக்குத்தான் அந்த 25 சதவீத இடம். பாதி வருடம் போன பிறகு புதிதாகச் சேர்க்க முடியாது என்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். ஜூனில் எப்படியோ பணம் புரட்டியவர்களுக்கு இலவச சீட்டு. புரட்ட முடியாதவர்களுக்கு, அதாவது யாருக்காக இந்தச் சட்டம் வந்ததோ அவர்களுக்கு, ஒன்றும் இல்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. சான்றுகள் இருந்த பிளாஸ்டிக் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. என் மகனுக்குக் கிடைத்த இடத்தில் அவள் மகனுக்கும் சம உரிமை இருந்தது.

மகன் தேர்வானான். தகுதிப் பட்டியலில் வந்த பிள்ளைகளிடம் வாங்கிய கட்டணத்தை ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது. பள்ளி அலுவலகத்தில் போய்க் கேட்டால், "நீங்க கட்டினது அட்மிஷன் அட்வான்ஸ்மா, ஃபீஸ் இல்ல" என்கிறார்கள். இரண்டாவது தடவை போனபோது, அடுத்த வருடப் புத்தகக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். தாளாளரைப் பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. "கவர்மென்ட் எங்களுக்கு ரெண்டு வருஷ பாக்கி வச்சிருக்கும்மா. ஆயாவுக்கும் டீச்சருக்கும் மாசாமாசம் நான்தான் கொடுக்கணும். உங்ககிட்ட வாங்காம யார்கிட்ட வாங்குவேன்?" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சின்ன நர்சரிப் பள்ளி, டீச்சருக்குச் சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு. அரசு பள்ளிக்குக் கடன் வைக்கிறது, பள்ளி அந்தக் கடனை என் தலையில் இறக்குகிறது, நான் அதை அடகுக்கடையில் இறக்கி வைக்கிறேன். அதற்குக் கீழே இறக்கி வைக்க இடமில்லை.

கடைசியில் எழுத்தில் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. 14417 என்ற கல்வி உதவி எண்ணில் பேசினேன், புகார் பதிவானது. மாவட்டக் கல்வி அலுவலர் என்று பொதுவாகப் போய் நிற்காதீர்கள். தனியார் பள்ளிகளுக்கென்றே தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவரிடம் கொடுக்க வேண்டும். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் அதே மனுவின் நகலைக் கொடுத்தேன். பொங்கலுக்கு முன்னால் 12,000 ரூபாய் கணக்கில் வந்தது. மீதி ஆறாயிரத்தைச் சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என்று கழித்துக்கொண்டார்கள். வட்டி இரண்டாயிரத்துக்கு மேல். கம்பெனியில் விடுப்பு எடுத்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "இதுக்குத்தான் அக்கா வவுச்சர் வேணும்ங்கிறது. கவர்மென்ட் ஸ்கூலுக்குக் கொட்டுற காச உங்க கையிலயே கூப்பனாக் கொடுத்துட்டா, நீங்க பிடிச்ச ஸ்கூலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பள்ளிக்கூடம் உங்க பின்னால வரும்" என்றான். அவன் நல்லதை நினைத்துத்தான் சொன்னான். அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். 1955-இல் மில்டன் ஃப்ரீட்மேன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எழுதிய யோசனை இது. சிலி நாட்டில் 1981 முதல் நாடு முழுக்க நடத்திப் பார்த்தார்கள். பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன, வவுச்சருக்கு மேல் கட்டணமும் வாங்கின, ஏழைகள் ஒரு பக்கமும் வசதியானவர்கள் ஒரு பக்கமும் ஆனார்கள். 2015-இல் அங்கே சட்டம் போட்டு, அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் பிள்ளைகளைத் தரம் பார்த்துச் சேர்ப்பதையும், லாபம் எடுப்பதையும், மேல்கட்டணம் வாங்குவதையும் நிறுத்தத் தொடங்கினார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஆந்திராவில் 2008 முதல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் கிராமங்களில் குலுக்கல் முறையில் வவுச்சர் கொடுத்து நான்கு வருடம் பார்த்தார்கள். தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலே போகவில்லை. இந்தியில் மட்டும் நன்றாக முன்னேறினார்கள். அதே நேரம் தனியார் பள்ளியின் செலவு அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. தம்பி இந்தச் செலவுக் கணக்கைக் காட்டுவான், நான் அந்த மதிப்பெண் கணக்கைக் காட்டுவேன். இரண்டும் ஒரே ஆய்வில் இருப்பவை. குறைந்த செலவு என்பதில் பெரும்பகுதி, எங்கள் நர்சரிப் பள்ளி டீச்சர் மாதிரியான பெண்களுக்குக் கொடுக்காத சம்பளம்தான் என்பது என் எண்ணம்.

ஆர்டிஇ-யும் ஒரு வகையில் வவுச்சர்தான், காகிதத்தைக் கையில் தரவில்லை, அவ்வளவுதான். அரசுப் பணம் பிள்ளையோடு போக வேண்டும். எங்கள் விஷயத்தில் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் போகவில்லை. பெயரை மாற்றிக் கூப்பன் என்று கொடுத்தாலும் இதே தில்லியும் இதே சென்னையும்தானே அதற்குப் பணம் போட வேண்டும்? பிடித்த பள்ளி என்று தம்பி சொன்னதும் எங்கள் கரையில் எங்கே இருக்கிறது? ஒரு கிலோமீட்டரில் ஒரு பள்ளி இருக்கும் ஊரில் தேர்ந்தெடுப்பது நாங்கள் இல்லை, அந்தப் பள்ளிதான். ஆர்டிஇ-யை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் மகள் நன்றாகப் படிக்கிறாள், அவளுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். பணம் ஜூனுக்கு முன்னால் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும், சீருடையும் புத்தகமும் அதில் அடங்க வேண்டும், விண்ணப்பத் தேதி தில்லிக்கும் சென்னைக்கும் உள்ள சண்டையில் மாட்டக் கூடாது. அதோடு, ஒவ்வொரு கடலோர ஊர் அரசுப் பள்ளியிலும் எல்கேஜி வந்துவிட்டால் எங்களில் பாதிப் பேருக்கு இந்த அலைச்சலே தேவைப்படாது.

அரசுப் பள்ளியை விட்டுப் போகும்போது என்னென்ன விட்டுப் போகிறோம் என்பதையும் கணக்குப் போடுங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மதிய உணவு, சீருடை, புத்தகம் எல்லாம் அங்கே உண்டு. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை சொன்னார்: "கடலுக்குப் போற நாள்ல அம்மாமாரும் விடிய முன்னாடியே பாசி எடுக்க, கம்பெனிக்குன்னு கிளம்பிடுறாங்க. முன்னெல்லாம் பிள்ளைக வெறும் வயித்தோட வரும். இப்போ எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருக்குதுக." என் மகளுக்குக் காலையில் டிபன் கட்டிக் கொடுத்து வேன் ஏற்றிவிடுவதற்குள் நான் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன். வேன், டிபன், சீருடை, புத்தகம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் இலவச சீட்டுக்கு வருடம் இருபதாயிரத்துக்குக் குறையாமல் ஆகிறது. எட்டாம் வகுப்போடு ஆர்டிஇ முடிந்துவிடும், ஒன்பதிலிருந்து முழுக் கட்டணம். அப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றுவதாக இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை ஆர்டிஇ-யில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அப்படியே. ஆகையால் ஆர்டிஇ-யில் படித்ததற்கான கடிதத்தைப் பள்ளியிடமிருந்து வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள். ஒன்பதாம் வகுப்புக்குத் தனியாரிலேயே தொடர்ந்தால் இந்த இரண்டும் போய்விடும்.

பணத்தைத் திரும்பக் கேட்டு நான் எழுதிய மனுவை இங்கே தருகிறேன். உங்கள் விவரத்தை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 'பெறுநர், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), ராமநாதபுரம். என் மகன் இன்ன பள்ளியில் எல்கேஜி வகுப்பில் படிக்கிறான். 2025-26-க்கான ஆர்டிஇ சேர்க்கையில் இன்ன விண்ணப்ப எண்ணில் தேர்வு செய்யப்பட்டுள்ளான். இன்ன தேதியில் நான் செலுத்திய 18,000 ரூபாயை அரசின் அறிவிப்புப்படி ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டிய பள்ளி இதுவரை தரவில்லை. வங்கிப் பரிமாற்றச் சான்று இணைத்துள்ளேன். தொகையைப் பெற்றுத் தருமாறும், இதை முன்னிட்டு என் பிள்ளையின் படிப்புக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே தேதி, கையெழுத்து, கைப்பேசி எண். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் பெற்றுக்கொண்ட தேதியும் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.